குண்டூசிக்கு நாலே வார்த்தை

அந்த மாடி வீட்டில் இரண்டு மனிதர்களும் ஒரு நாயும் இருந்தார்கள். பேச்சு முழுக்க நாயோடுதான்.

"குண்டூசி, உங்க தாத்தாகிட்ட சொல்லு, வெந்நீர் ஆறுது. குளிக்கிறதுன்னா இப்பவே குளிக்கட்டும்."

"குளிக்கிறேன்னு சொல்லு குண்டூசி. துண்டு எங்கன்னு கேளு."

"துண்டு கொடியிலதான் தொங்குது. கண்ணு இருக்கிறவங்களுக்குத் தெரியும்னு சொல்லு."

குண்டூசி நடுக்கூடத்தில் படுத்தபடி ஒரு கொட்டாவி விடும். ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அவர் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு போவார்.

குண்டூசி என்று பெயர் வைத்தவள் அவர்களுடைய மகள். வந்த புதிதில் அது உள்ளங்கையில் அடங்குமாம். இப்போது அதன் தலையே ஒரு அண்டா. அது மாடிப்படியில் இறங்கினால் யாரோ பீரோவை உருட்டிவிட்டார்கள் என்று தெரு நினைக்கும். மகள் தன்னை அதற்கு அம்மா என்று சொல்லிக்கொண்டதால், பெற்றவர்கள் இருவரும் கேட்காமலே தாத்தா பாட்டி ஆனார்கள். பேரப்பிள்ளைக்கு வால் இருந்தது, அவ்வளவுதான். வால் எத்தனையோ பேரப்பிள்ளைகளுக்கு உண்டு, வெளியே தெரிவதில்லை.

தாத்தா ஆனவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் வேலை. 'ஓட்டும்' என்பது கொஞ்சம் அதிகம்தான். மூலையில் ஒரு ஸ்டூல், பக்கத்தில் பொத்தான்கள், கையில் ஒரு விரல். வார்டுப் பையன்கள் அவருக்கு 'மேல்கீழ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் ஏறினாலும் அவர் கேட்பது அதுதான்: "மேலயா, கீழயா?" குழந்தை பிறந்த வீட்டுக்காரர்களும் அந்த லிஃப்டில்தான் ஏறினார்கள், வெள்ளைத் துணி போர்த்தியவர்களும் அதில்தான் இறங்கினார்கள். அவர் யாரிடமும் என்ன ஏது என்று கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தால் மாடி தெரிந்துவிடும் என்பார். அவர் மனைவிக்குத் தையல் கம்பெனியில் வேலை. காலர் மட்டும் தைப்பாள். கை வேறொருத்தி, பாக்கெட் வேறொருத்தி. முழுச்சட்டையை அவள் பார்ப்பது அவர் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான். அப்போதும் காலரைத்தான் பார்ப்பாள்.

இந்த இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தியது, மகள் வீட்டை விட்டுப் போன அன்று. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே ஒருவனைப் பிடித்திருக்கிறது, அவனோடுதான் வாழப்போகிறேன் என்று பெண் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்பா, "போனா திரும்பி வராத" என்றார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. தெருமுனையில் பெண் திரும்பிப் பார்ப்பாள் என்று இருவரும் நினைத்தார்கள். முனை வந்தது, பெண் திரும்பவில்லை.

அந்த ஒரு பேச்சை அவர் விழுங்கியிருக்கலாம் என்று அவள் நினைத்தாள். ஒரு பேச்சாவது அவள் பேசியிருக்கலாம் என்று அவர் நினைத்தார். அவர் ஒன்று கூடுதலாகப் பேசினார், அவள் ஒன்று குறைத்துப் பேசினாள். கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் வந்தது. பெண்தான் வீட்டில் இல்லை.

போன இடத்தில் நாய் வைத்துக்கொள்ள விடவில்லை என்பதால் குண்டூசி இங்கேயே தங்கிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு நாயின் பக்கத்தில் வைப்பார்கள்.

"குண்டூசி! என் செல்லம்! தாத்தாவுக்கு முட்டி வலி தேவலையா?"

நாய் குரலைக் கேட்டதும் ஊளையிட்டுக்கொண்டு போனை நக்கும், வாலால் தரையைச் சாத்தும்.

"தேவலைன்னு சொல்லு" என்பார் அவர்.

"தைலம் தேச்சா இன்னும் தேவலையா இருக்கும்னு நானும் சொன்னேன்னு சொல்லு" என்பாள் அவள்.

அவ்வளவுதான் குடும்பம். மூன்று பேர், ஒரு நாய். நாய் இல்லையென்றால் போன் இல்லை. இது இருவருக்கும் தெரியும். சொல்லிக்கொண்டதில்லை, வழியும் இல்லை. நாயிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒருநாள் குண்டூசியே குடைசாய்த்தது. படியில் கீழ்வீட்டு ஓனரம்மா பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். மேலிருந்து இவர் நாயோடு இறங்கினார். நாயோடு என்பது மரியாதைக்கு. நாய் இறங்கியது, பட்டையைப் பிடித்திருந்த இவர் பின்னால் பறந்தார். "இரு இரு இரு இரு குண்டூசி இரு!" என்று இவர் கத்தியதை நாய் சட்டை செய்யவில்லை. நாய் மோதியதில் ஓனரம்மா உட்கார்ந்தபடியே நாலு படி இறங்கினார். மணிக்கட்டு முறிந்தது.

ஓனரம்மாவை எலும்பு வார்டுக்குக் கொண்டுபோனதும் இவருடைய லிஃப்டில்தான். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது: "மேலயா, கீழயா?"

ஓனரம்மா ஒரு பார்வை பார்த்தார். "மேல போயிருக்க வேண்டியவ. உன் புண்ணியத்துல மூணாவது மாடியோட நிக்கிறேன்."

கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கும்போது தீர்ப்பும் வந்தது. "இந்தாப்பா, நான் பொல்லாதவ இல்ல. இந்தக் கட்டைப் பிரிக்கிற வரைக்கும் டைம் தரேன். பிரிச்சிட்டு வர்றப்ப உன் நாய் படியில மனுசன் மாதிரி இறங்கணும். இல்லன்னா நாய் போகணும். நீயும் கூடவே போறதுன்னா அது உன் இஷ்டம்."

இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், "குண்டூசி, ஓனரம்மா இப்படிச் சொல்றாங்கன்னு சொல்லு" என்று முழுவதையும் நாயிடம் ஒப்பித்தார். நாய் தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டுக்கொண்டே காதைச் சொறிந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

மறுநாள் அவள் கம்பெனியில் யாரையோ விசாரித்து ஒரு நம்பர் வாங்கி வந்தாள். நாய்க்குப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி. ஆளைப் பார்த்தால் பயிற்சியெல்லாம் வேண்டாம், நாய் தானாக உட்காரும் என்று தோன்றும். இடுப்பில் ஒரு பை, பைக்குள் அவித்த ஈரல் துண்டுகள். உள்ளே வந்ததும் குண்டூசி அவர் தோளில் இரண்டு காலையும் தூக்கி வைத்தது. அவர் தந்திக் கம்பம் மாதிரி நின்றார். திட்டவில்லை, தள்ளவில்லை. கம்பத்தோடு எவ்வளவு நேரம் விளையாட முடியும்? நாய் இறங்கிவிட்டது. இறங்கிய நொடியில் வாயில் ஒரு ஈரல் துண்டு.

பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டூசி," என்றாள் பாட்டி, "அவங்க டீ சாப்பிடுவாங்களான்னு தாத்தாவைக் கேக்கச் சொல்லு."

"எக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்றார் ட்ரெய்னரம்மா.

"சாப்பிடுவாங்கன்னு சொல்லு" என்றார் இவர், நாயிடம்.

ட்ரெய்னரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குள் போய் ஒரு பிஸ்கெட் பொட்டலத்தை லேசாகக் கசக்கினார். கூடத்திலிருந்து குண்டூசி பாய்ந்து வந்தது. "காது நல்லா இருக்கு" என்றார். பிறகு, "உக்காரு" என்றார். நாய் பொட்டலத்தையே பார்த்தது. அந்தச் சொல் அதன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இது மக்கு நாய் இல்லண்ணே. காலையில எந்திரிச்சதுலேர்ந்து ரெண்டு பேரும் இது பேரைச் சொல்லித்தான் பேசறீங்க. சொல்லு, கேளு, வரச்சொல்லு, இருக்கச்சொல்லு. முதல்ல ஒவ்வொண்ணுக்கும் காதைத் தூக்கித்தான் பாத்திருக்கும். எதுக்கும் ஒண்ணும் நடக்கல. அப்ப மனுசப் பேச்சுன்னா ஃபேன் சத்தம் மாதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. நீங்க படியில கத்தினப்ப அதுக்குக் கேட்டது ஃபேன் சத்தம்தான்."

"அப்ப என்ன பண்றது?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்கும்போதும் நாயைத்தான் பார்த்தார்கள்.

"இன்னையிலேர்ந்து இதுக்கு நாலே வார்த்தை. உக்காரு, இரு, வா, மெல்ல. முன்னாடி பின்னாடி ஒண்ணும் ஒட்டக் கூடாது. ஒரே தடவை சொல்லணும், சொல்லிட்டு வாயை மூடிக்கணும். செஞ்ச கையோட ஈரல். எந்திரிக்கலாம்னா தோளைத் தட்டணும். மத்தபடி இதுகிட்ட மூச்சு விடக் கூடாது. பேரைக் கூடச் சும்மா கூப்பிடாதீங்க. யாரா இருந்தாலும் சரி."

"அப்ப நாங்க எப்படிப் பேசறது?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

ட்ரெய்னரம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அதை நாய்க்காரிகிட்ட கேக்காதீங்கக்கா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். குண்டூசியும் விழாமல் நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் இவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பயிற்சி செய்தார். மாலையில் அவள் செய்தாள். முதலில் கூடம், பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கூடம், பிறகு வாசற்படி, அப்புறம் ஒரு படி. பட்டை இறுகினால் அப்படியே நிற்க வேண்டும். தளர்ந்தால்தான் அடுத்த படி. ஈரல் வெந்த வாடை திரைச்சீலையில் கூட ஏறிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை ட்ரெய்னரம்மா வந்து திருத்தினார். திருத்தம் வாங்கியது நாயல்ல. "அண்ணே, கெஞ்சாதீங்க. அக்கா, சொல்லவே பயப்படுறீங்க, வாய்க்குள்ளயே முழுங்கினா அதுக்கு எப்படிக் கேக்கும்?"

மனிதர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "சட்டை இஸ்திரி போட்டாச்சான்னு தெரியல" என்றார். ஃப்ரிட்ஜ் பதில் சொல்லவில்லை. சட்டை மட்டும் நாற்காலியில் வந்து விழுந்தது. ஒருநாள் முட்டைக்குழம்பில் உப்பே இல்லை. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. உப்பில்லை என்று சொல்லக்கூட இந்த வீட்டில் இப்போது வாய் இல்லை என்று கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

லிஃப்டில் ஆள் இல்லாத நேரத்தில் இவர் குரலைப் பழகினார். கெஞ்சாமல், அதட்டாமல், ஒரே தடவை. ஒரு மதியம் ஸ்டூலை விட்டு எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "உக்காரு" என்று சொல்லிப் பார்த்தார். கண்ணைத் திறந்தால் கதவு திறந்திருக்கிறது. ஏறிய பெரிய டாக்டர் ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிட்டு, ஏன் உட்கார்ந்தோம் என்று விழித்துக்கொண்டிருந்தார். அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்தது. வார்டுப் பையன்கள், "மேல்கீழண்ணே, எங்களுக்கு ஈரல் கிடையாதா?" என்று கையை நீட்டினார்கள். அவரும் சிரித்தார். இந்தக் கதையைச் சொன்னால் அவளும் சிரிப்பாள் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்தார். சொல்ல நாய் இல்லை. நாய் இருந்தது, அதனிடம் சொல்லக் கூடாது. கதை வயிற்றிலேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"குண்டூசி! செல்லக்குட்டி! என்னடி பண்றே? பாட்டிக்குக் கண்ணு எரிச்சல் போச்சா? தாத்தா..."

வாசற்படியருகே 'இரு'வில் இருந்த நாய் துள்ளி எழுந்தது. ஊளையிட்டுக்கொண்டு ஓடி வந்தது. அந்த வாரம் முழுக்கப் பழகியது ஒரு நொடியில் தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்ததை இவர் பார்த்தார். படி கண்ணில் வந்தது. ஓனரம்மாவின் கட்டு கண்ணில் வந்தது. நாய் போய்விட்டால் இந்தக் குரலும் போய்விடும் என்ற பயம்தான் வந்தது. அந்தப் பயத்தில்தான் சொன்னார்:

"நீ நாய்கிட்ட பேசாதம்மா."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"ட்ரெயினிங் போயிட்டிருக்கு. யாரும் அதுகிட்ட சும்மா பேசக் கூடாது."

"அப்ப நான் யாருகிட்டப்பா பேசறது?"

கேள்வி கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'என்கிட்ட பேசு' என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பதில். அந்தப் பதில் இவருக்குள் மேலே ஏறியது, பாதியில் நின்றது. லிஃப்ட் இப்படி நின்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. இங்கே அதுவும் இல்லை. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"சரிப்பா" என்றாள் மகள். "ட்ரெயினிங் முடியட்டும்."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இருவரும் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நடுவில் கத்தாததால் குண்டூசி மட்டும் நன்றாகத் தேறியது. வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பதால் சொன்ன சொல் அதன் காதில் கல்வெட்டு மாதிரி விழுந்தது. இவ்வளவு சீக்கிரம் தேறிய நாயைத் தான் பார்த்ததில்லை என்று ட்ரெய்னரம்மாவே சொன்னார். சொல்லிவிட்டு இவர்கள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் செருப்பை மாட்டினார்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. ஓனரம்மா கையை நீட்டிப் பார்த்தபடி வந்து படிக்கட்டின் அடியில் நின்றார். வேண்டுமென்றே ஒரு பையை ஆட்டிக்கொண்டு நின்றார். மேலிருந்து இவரும் குண்டூசியும் இறங்கினார்கள்.

"மெல்ல."

ஒரு படி. ஒரு நிறுத்தம். பட்டை தொங்கிக்கொண்டே வந்தது. நாயின் தோள் இவர் முழங்காலை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. அடியில் வந்து, சொல்லாமலே உட்கார்ந்தது. பையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஓனரம்மா வாயைப் பிளந்தார். "என்னப்பா இது, உன் நாய்தானா? இல்ல வாடகைக்குப் பிடிச்சிட்டு வந்தியா?"

"நம்ம நாய்தாம்மா."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆனா முன்னாடியெல்லாம் என்னைப் பாத்தா வாலாவது ஆட்டும்" என்றார் ஓனரம்மா, கொஞ்சம் ஏமாந்த மாதிரி.

மேலே வந்ததும் இவர் நாயை வாசற்படியருகே உட்கார வைத்து, "இரு" என்றார். பிறகு போனை எடுத்தார். இதுவரை மகள்தான் கூப்பிடுவாள், இவர் கூப்பிட்டதில்லை. ஸ்பீக்கரில் மணி அடித்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா?" மகள் குரலில் பதற்றம். "என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா, இல்ல. குண்டூசி பாஸாயிடுச்சு. படியில மனுசன் மாதிரி இறங்குது. இனிமே இங்கயே இருக்கலாம்னுட்டாங்க."

"ஓ. நல்லதுப்பா." கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்துல இருக்கா? சத்தமே காணோம்" என்றாள்.

வாசற்படியில் குண்டூசி காதை மட்டும் தூக்கியிருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. எழுந்திருக்கவில்லை.

"இருக்கும்மா. இருன்னு சொல்லியிருக்கேன். இருக்கு."

"ம்." மகள் பக்கத்தில் ஏதோ பஸ் போகும் சத்தம். "வேற?"

வேற. எவ்வளவோ இருந்தது. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்த கதை இருந்தது. உப்பில்லாத குழம்பு இருந்தது. தெருமுனையை அன்றைக்கு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். நீங்க சொல்லுங்க, நீ சொல்லு.

"வேற ஒண்ணுமில்லம்மா" என்றார்.

"சரிப்பா. எனக்கும் நைட் ஷிஃப்டுக்கு நேரமாச்சு. வைக்கிறேன்."

"வந்துட்டுப் போடி" என்றாள் அம்மா. வாய்க்குள்ளேயே சொன்னாள். அது வெளியே வருவதற்குள் அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.

இருவரும் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் முகத்தைத் திருப்பி, நாயை அல்ல, சுவரை அல்ல, அவரையே பார்த்துச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லையா? ஒண்ணுமே இல்லையா உங்களுக்கு?"

"நீ பக்கத்துலதான நின்ன? உனக்கு வாய் இல்லையா?"

"எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு வாய் இல்லையான்னு கேளுங்க. வராதன்னு சொன்னது யாரு? நானா?"

"நீ தடுத்திருந்தா அவ நின்னிருப்பா! உன் மூஞ்சியைத்தான் பாத்தா அன்னைக்கு. என்னைப் பாக்கல. உன்னைத்தான் பாத்துக்கிட்டு நின்னா!"

"தெரியும்!" என்று கத்தினாள் அவள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. "தெரியாதுன்னா நினைக்கிறீங்க? தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் சமைக்கப் போறேன்."

கீழே ஓனரம்மா குச்சியால் தன் வீட்டுக் கூரையைத் தட்டினார். "யப்பா! நாய் அடங்கிடுச்சு, நீங்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் நேருக்கு நேர் பேசியது இதுதான். அதுவும் சண்டை. மிச்சமிருந்த வெளிச்சமும் ஜன்னலை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

"நீ பேசறதுன்னா நான் போடறேன்" என்றார் கடைசியில்.

அவள் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பிறகு, "போடுங்க" என்றாள். "சத்தமா பேசறேன்."

அவர் போட்டார். மணி அடித்தது. அவள் உதட்டை நனைத்துக்கொண்டு போனுக்கு நேராகக் குனிந்தாள். முழுவதும் அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வேலையில இருப்பா" என்றார்.

"ம்."

"நாளைக்கும் போடலாம்."

"போன வாரமும் அப்படித்தான் நான் நினைச்சேன்" என்றாள் அவள். "இப்பவே மறுபடி போடுங்க."

அவர் மறுபடி போட்டார்.